கேரியர் இல்லாத சைக்கிள்

வா கண்ணு, உக்காரு. நிக்கறயா? சரி, நில்லு. அந்த டிரவுசரைப் போட்டுட்டுக் கட்டல்ல உக்கார முடியாதுன்னு உங்கம்மா நேத்தே சொன்னா.

உன்ற சைக்கிளு எம்பதாயிரமாமா? நான் மொத மொதல்ல பூட்டுன ரெண்டு தறியும் சேத்து அந்த வெல வராது. அதுக்கு மக்கார்டு இல்ல, ஸ்டாண்டு இல்ல, பெல்லு இல்ல, கேரியர் இல்ல. எல்லாத்தையும் கழட்டிப்போட்டுத்தான் அந்த வெலைக்குக் குடுத்தானாக்கும். சீட்டையும் கழட்டியிருந்தா லச்ச ரூவா சொல்லியிருப்பான்.

“மலையில பழைய ரயில் போன தடத்துல ஒரு நாள் சாவகாசமா சைக்கிள் ஓட்டப் போறோம் அப்பிச்சி”ன்னயே, அதுல சைக்கிளு புரிஞ்சுது, ரயிலு புரிஞ்சுது, சாவகாசந்தான் புரியல. சோத்துல கை வெச்சுட்டே ஷிப்மென்ட்டு எப்பன்னு போன்ல கத்தற பையன் நீ. அஞ்சே காலுக்கு மூணாறு, ஆறரைக்கு மாட்டுப்பெட்டி, ஏழு அம்பதுக்குக் குண்டளைன்னு பேப்பர்ல எழுதி வேற வெச்சிருக்கற. அங்க ரயிலு ஓடுன காலத்துலகூட இத்தன கரெக்டா ஓடியிருக்காது.

ஊட்டித் தடத்துலதான் ஓட்டோணும்னு மொதல்ல நின்னயாமா. அங்க தண்டவாளம் சும்மா கெடக்குதா என்ன? மேட்டுப்பாளையத்துல இருந்து 46 கிலோமீட்டரு, 16 குகை, 208 வளைவு. கல்லாறு தாண்டுனா பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏத்தம். இரும்புச் சக்கரம் இரும்பு மேல வழுக்குமல்ல, அதனால நடுவால பல்லு வெச்ச தண்டவாளம் போட்டு, பல்சக்கரம் கடிச்சுக் கடிச்சு மேல ஏறுது. உனக்கு அந்த மாதிரிப் பல்லு ஏதாவது இருந்தா சொல்லு, போலாம்.

பல்லு இல்லாத ரயிலுக்கு வேற வழி. மலையச் சுத்திச் சுத்தி, ஏத்தத்தத் தண்ணி பாய்ச்சறாப்புல பரப்பி விட்டாத்தான் அது ஏறும். அப்புடிப் போட்ட தடம், ரயிலு போன பொறகு சைக்கிளுக்கு வாக்கா அமஞ்சிருது. நியூசிலாந்துல ஒட்டாகோங்கற பக்கம் 150 கிலோமீட்டரு பழைய ரயில் தடத்த 2000ல சைக்கிளுக்குன்னே தொறந்து விட்டாங்கன்னு போன்ல காட்டுனயே, அந்தக் கதைதான். நம்ம பக்கம் ஆரும் மனசு வெச்சு விடல. வெள்ளந்தான் பேத்துக் குடுத்துச்சு.

மூணாத்துல 1902ல மொதல்ல போட்டது ஒத்தத் தண்டவாளம். சின்னச் சக்கரம் தண்டவாளத்துல, பெரிய சக்கரம் ரோட்டுல. இழுத்தது என்னன்னு நெனைக்கற? மாடு! மாடு இழுத்த ரயிலு கண்ணு அது. 1908ல ரெண்டடி அகலத்துல தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் உட்டாங்க. 1924 ஆடி மாச வெள்ளம் அத்தனையும் வழிச்செடுத்துட்டுப் போயிருச்சு. கொல்லம் ஆண்டுக்கு அது 1099, அதனால மலையாளத்துக்காரங்க இன்னும் தொண்ணூத்தொம்பது வெள்ளம்னுதான் சொல்றாங்க. மறுக்கா ஆரும் தண்டவாளம் போடல. அந்தத் தடத்த ஒட்டித்தான் இப்ப டாப் ஸ்டேஷன் ரோடு போகுது. அதனால, கிளுவை வேலிக்கு நடுவால நம்ம இட்டேரி கெடக்கறாப்புல தனித்தடம்னு நெனைச்சுட்டுப் போயிராத. ஜீப்பு வரும், டூரிஸ்ட் பஸ் வரும், அவனுக எல்லாம் பாட்டுப் போட்டுட்டு வருவானுக. ஓரமா மிதி.

மாடு இழுத்த வேகத்துல போ, போதும். மாட்டுப்பெட்டி டேம்கிட்ட எறங்கு. அங்க 1963ல சுவிட்சர்லாந்துக்காரங்களோட சேந்து ஆரம்பிச்ச மாட்டுப் பண்ணை இருக்குது. பாத்துட்டு, நம்ம காங்கயம் காளைய நெனைச்சு ஒரு பெருமூச்சு உட்டுட்டு வா. தேயிலை பறிக்கறவங்க முக்காவாசிப் பேரு தமிழ்தான் பேசுவாங்க. தலையில கவுத்த சட்டியக் கழட்டிப்போட்டு, “எந்தூருங்க?”ன்னு கேளு. நீலக்குறிஞ்சி 2018ல பூத்துச்சு, இனி 2030லதான். அதுக்கும் டைம்டேபிள் இருக்குது, ஆனா அது அவசரப்படாது பாரு.

தடம் முடியற எடம் டாப் ஸ்டேஷன். அந்தக் காலத்துல அங்க இருந்து தேயிலைப் பெட்டிக கம்பிக்கயித்துல தொங்கீட்டே அஞ்சு கிலோமீட்டரு கீழ கொட்டகுடிக்கு எறங்கும். பொறகு மாட்டு வண்டியில போடி, ரயிலு, கப்பலு, லண்டன். மேல இருக்கறது டாப் ஸ்டேஷன், கீழ இருக்கறது பாட்டம் ஸ்டேஷன். பேரு வெக்க வெள்ளக்காரன் ஒரு நிமிசங்கூட யோசிக்கல போல. ஆனா டாப் ஸ்டேஷன் நம்ம தேனி ஜில்லா. கேரளாவுல மிதிச்சுட்டுத் தமிழ்நாட்டுல மூச்சு வாங்கலாம்.

எங்க காலத்துல சாவகாசம்னா ரயில் கேட்டு சாத்தறப்ப மட்டுந்தான். கேரியர்ல துணி பீஸு ஏத்திக் கட்டிட்டுத் திருப்பூருக்கு மிதிப்பேன். கேட்டு சாத்துனா ஒரு காலக் கீழ ஊனி நின்னுக்கலாம், மொதலாளியும் கேக்க முடியாது. கூட்ஸு வண்டின்னா கும்புடு போட்டுக்குவேன். நாப்பது டப்பா, நாப்பத்தொண்ணு டப்பான்னு எண்ணீட்டே நிப்பேன். கேட்டு தொறந்ததும் எண்ணுனது மறந்துரும். அதுக்குத்தான் எண்ணறது.

இன்னொண்ணு. மலையில சத்தமே இருக்காது, பயந்துராத. எனக்கு ஞாயித்துக்கெழம தறி நின்னா தூக்கம் வராது. அம்பது வருசம் அந்தச் சத்தத்துல தூங்குன காது. ரோட்டுக்கு அக்கட்ட எந்தத் தறியில நாடா மாட்டிக்கிச்சுன்னு படுத்துட்டே சொல்லிருவேன். சத்தம் இல்லாத எடத்துல இந்தக் காது என்ன பண்ணுமோன்னு எனக்கே பாக்கோணும்.

அதுக்குச் சொல்லல. ஞாயமாத்தான் கேக்கறேன், கட்டுச்சோறு எதுல வருது? தண்ணி, பஞ்சர் சாமான், குளிருக்குப் போர்வை? கேரியர்தான் இல்லையே. பின்னால மெதுவா ஒரு காரு வந்தாகோணும். உங்க மாமன் வண்டி சும்மாதான் நிக்குது. உடுமலை தாண்டிச் சின்னாத்துல ஆனை நடமாட்டம், இருட்டறதுக்குள்ள தாண்டோணும். முன் சீட்டுல வெவரம் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேண்டாமா? மறையூர்ல வெல்லம் நல்லா இருக்கும், பாத்து வாங்கவும் ஆளு வேணும்.

எம்பட மப்ளரு பையில வெச்சாச்சு. அஞ்சே காலுன்னு எழுதியிருக்கறயல்ல, அஞ்சே காலுக்கு அங்க நிக்கோணும். லேட்டுப் பண்ணுனயின்னா பாரு.