மஞ்சள் சட்டைக்காரர்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னை வீடுகளின் பீரோவிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸின் 7 என்று எண் போட்ட மஞ்சள் சட்டை வெளியே வரும். அதற்குள் நுழைந்ததும் மனிதரே மாறிவிடுவார். நேற்றுவரை மேலதிகாரி முன் வாய் திறக்காத குமாஸ்தா, இன்று பயிற்சியாளர் ஃபிளெமிங்குக்கே பாடம் எடுப்பார். போன ஆட்டத்தில் ஜெயித்தபோது சோபாவின் இடது மூலையில் இருந்தாராம், ஆகவே இன்றும் அங்கேதான். சட்டையைத் துவைக்கக் கூடாது. கடைசி ஓவரில் பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்தால், “அசையாதேடா, விக்கெட் போயிடும்!” தோற்ற மறுநாள் சாம்பாரில் உப்பு சரியாக இருக்காது.

இதை அணிமேல் கொண்ட பாசம் என்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. 2023இல் சேப்பாக்கத்தில் ஜடேஜா ஆடும்போது, அவர் எப்போது அவுட் ஆவார் என்று கூட்டம் காத்துக்கிடந்தது. அடுத்து இறங்குவது தோனி அல்லவா! சொந்த அணியின் விக்கெட்டுக்கே விசில். தான் முன்னதாக இறங்கினால் ரசிகர்கள் தன் விக்கெட்டுக்காகக் காத்திருப்பார்கள் என்று ஜடேஜாவே சிரித்தபடி சொன்னார். அதே ஆண்டு அகமதாபாத் ஐபிஎல் இறுதியாட்டத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொடுத்தவர் அவர்தான். மஞ்சள் சட்டைக்காரர் காதலிப்பது அணியை அல்ல, தன் நெஞ்சுப் படபடப்பை.

‘மாதச் சம்பளக்காரருக்கு வேறென்ன கொண்டாட்டம், விட்டுவிடுங்களேன்’ என்பீர்கள். நியாயம்தான். 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது தனி ரயில் பிடித்துப் பின்னாலேயே போனார்களே, அந்தக் கூத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. ஆனால் படபடப்பு முற்றினால் ஆட்டமே நின்றுவிடும். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா சரிந்ததும் ஈடன் கார்டன்ஸில் பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன. வெற்றியை இலங்கைக்குக் கொடுத்து ஆட்டத்தை முடித்தார்கள். உணர்ச்சி இல்லாமல் கிரிக்கெட் ஏது என்றால், 1999 ஜனவரி சேப்பாக்கம் டெஸ்டில் அது குறைவா? சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோல்வி. தொண்டை அடைத்துப்போன அந்தக் கூட்டம்தான் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது.

2025 முடிவில் ஜடேஜா ராஜஸ்தான் அணிக்குப் போய்விட்டார். சேப்பாக்கத்தில் அவர் எதிரணியில் இறங்கும் நாளில், நல்ல ஷாட் ஒன்றுக்காவது விசில் அடித்துவிடுங்கள், சார். பழைய பாக்கி இருக்கிறது.