மார்ச் மாதத்துச் செயல் இயக்குநர்

டொரன்டோ பெருநகரப் பகுதியில் வாழ்வோரில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் செய்தி. இவ்வளவு பேருக்கும் வீடு தேடித் தருவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, சுகாதார அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுவது போன்ற வேலைகளில் பெரும்பகுதியை அரசு தன் கையால் செய்யாமல், பணத்தைக் கொடுத்துத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. குடியமர்வு நிறுவனங்கள் எனப்படும் இவற்றுள், இத்தாலியக் குடியேறிகளுக்கு உதவும் பொருட்டு 1952இல் வேர்விட்ட கோஸ்டி போன்ற பெரியவையும் உண்டு. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஏதோ ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், பல் மருத்துவருக்கும் வாகனம் ஓட்டப் பழக்குபவருக்கும் இடையே மூன்று அறைகளில் இயங்கும் சிறியவையும் உண்டு. அளவு எதுவானாலும், தலைமையில் இருக்கும் செயல் இயக்குநர் மட்டும் பெரும்பாலும் ஒரே வார்ப்பாகவே இருக்கிறார்.

செயல் இயக்குநர் என்பவர் இயக்குநர் சபையால் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு நிறுவனத்தை அன்றாடம் நடத்துபவர். சபையினரோ சம்பளம் வாங்காமல் அவரை நடத்துபவர்கள். சொந்த நாட்டில் பொறியியலாளராகவோ வங்கி அதிகாரியாகவோ இருந்து, இங்கு வந்த புதிதில் வேலை கிடைக்காமல் இதே போன்றதொரு நிறுவனத்தின் முன்மேசையில் தொண்டராக உட்கார்ந்து, படிவம் நிரப்புவதில் தமக்குள்ள அபாரத் திறமையைத் தற்செயலாகக் கண்டுகொண்டவர் அவர். தொண்டர் ஊழியரானார், ஊழியர் திட்ட மேலாளரானார், மேலாளர் இயக்குநரானார். ஒவ்வொரு படி ஏறும்போதும் புதிதாக வந்தவர்களைப் பார்க்கும் நேரம் பாதிபாதியாகக் குறைந்து, இப்போது ஆண்டறிக்கையின் அட்டைப்படத்துக்காக நிற்கும்போது மட்டுமே அவர்களைப் பக்கத்தில் பார்க்கிறார்.

அவருடைய தலைமைத்துவம் முழுமையாக வெளிப்படுவது மார்ச் மாதத்தில்தான். கூட்டாட்சி அரசின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஒப்பந்தப்படி செலவாகாத பணம் அடுத்த ஆண்டுக்குப் பெரும்பாலும் நகராது என்பதோடு, இந்த ஆண்டு செலவழிக்கத் தெரியாதவருக்கு அடுத்த ஆண்டு ஏன் அவ்வளவு என்ற கேள்வியும் எழும். ஆகவே பதினொரு மாதங்களாகத் தாள் வாங்கவும் தயங்கிய அலுவலகத்துக்கு மார்ச் பிறந்ததும் சுழல் நாற்காலிகள் வந்து இறங்குகின்றன. ஊழியர் மூவர் விலகிப் போனதால் தள்ளிப்போய்க்கொண்டே வந்த “பனிக்காலத்தை எதிர்கொள்வது எப்படி” என்னும் பயிற்சிப் பட்டறை, வாசலில் பனி உருகி ஓடுகிற 28ஆம் தேதி மாலை நடத்தப்படுகிறது. அதற்கு வந்த நாற்பது பேரும் பனிச்சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் என்றாலும், சமோசா தீரும் வரை கவனமாகக் கேட்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்தும் விழுகின்றன.

பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் கணக்கில் ஏறிவிடுவார்கள் என்று நினைப்பது இத்துறை அறியாதவரின் பிழை. குடியமர்வுச் சேவைக்கு நிதி தரும் கூட்டாட்சிக் குடிவரவு அமைச்சின் விதிப்படி நிரந்தர வதிவாளரும், அகதி என ஏற்கப்பட்டவரும் பொதுவாகத் தகுதியுடையோர். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர், வெளிநாட்டு மாணவர், தற்காலிகத் தொழிலாளி ஆகியோர் பொதுவாகத் தகுதியற்றோர். குடியுரிமை பெற்றவரும் தகுதியற்றவரே, ஏனெனில் உறுதிமொழி எடுத்த அன்றே அவர் முற்றாகக் குடியமர்ந்துவிட்டதாக அமைச்சு கருதுகிறது. வாசலில் வந்து நிற்பவர்களோ இந்த விதிகளை வாசித்துவிட்டு வருவதில்லை.

முதியோர் ஓய்வூதியம் பற்றிய கடிதம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் இயக்குநரை நடைவழியில் மறிக்கும் காட்சி ஸ்கார்பரோவில் அரிதன்று. “பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்.” இயக்குநர் பையைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். “ஐயா, உங்களுக்கு சிட்டிசன்ஷிப் கிடைச்சிட்டுது எல்லே?” “ஓம் பிள்ளை, அந்தச் சோதினைக்கும் உங்கட வகுப்பிலதானே படிச்சனான்.” நிறுவனத்தின் வெற்றிக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது, ஆனால் அமைச்சின் ஐகேர் எனப்படும் தரவுத்தளத்தில் இச்சான்றைப் பதிய இடமும் கிடையாது. பத்து ஆண்டுகளேனும் கனடாவில் வாழ்ந்தமைக்கு ஆதாரம் கேட்கும் அந்தக் கடிதத்தை இயக்குநர் சுவரில் வைத்தே வாசித்து, பழைய கடவுச்சீட்டையும் எடுத்து வரச் சொல்லி, படிவத்தில் பாதியை நின்றபடியே நிரப்பிவிடுகிறார். அன்று முழுவதும் அவர் செய்தவற்றுள் யாருக்கேனும் உடனடியாகப் பயன்பட்டது இதுவாகவே இருக்கக்கூடும் என்பதும், மாத அறிக்கையில் இடம்பெறாததும் இது ஒன்றே என்பதும் இப்பதவியின் இயல்பு.

அறிக்கை எழுதும் கலை தனியாகக் கவனிக்கத் தக்கது. முடிந்த திட்டத்துக்கான அறிக்கையில் பிரச்சினை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதே வாரத்தில் அனுப்பும் புதிய விண்ணப்பத்தில் அதே பிரச்சினை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகிவிட்டது என்று நிறுவ வேண்டும். தேர்ந்த இயக்குநர் இரண்டையும் ஒரே புள்ளிவிவரத்தைக் கொண்டு செய்வார். 2025இல் ஐந்து லட்சம் நிரந்தர வதிவாளரை ஏற்பதாக இருந்த திட்டத்தை 2024 அக்டோபரில் கூட்டாட்சி அரசு 3,95,000 ஆகக் குறைத்தபோது, வாசலில் நிற்கும் வரிசை எப்போது சுருங்கும் என்று இருபது ஆண்டுகளாக அலுத்துக்கொண்டிருந்தவர்கள், சுருங்கிய வரிசைக்கு ஏற்பப் பணமும் சுருங்கும் என்று உணர்ந்து, வரிசையின் அருமையைப் பற்றி உருக்கமாக எழுதத் தொடங்கினார்கள்.

இயக்குநர் சபையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கணக்காளர், ஒரு வழக்கறிஞர், ஒரு வீடு விற்பனை முகவர், அடுத்த மாநகரத் தேர்தலில் நிற்கலாமா என்று யோசிப்பவர் ஒருவர், எப்போதும் இராஜினாமா செய்யப்போகும் நிறுவனர் ஒருவர் ஆகியோரைக் கொண்டு எந்தச் சபையையும் அமைத்துவிடலாம்.

இச்சபை தன் முழு ஆற்றலுடன் இயங்குவது செயல் இயக்குநருக்குத் துணையாக ஒரு மேலாளரைத் தேடும்போது. கனடிய அனுபவம் கேட்பது, அதாவது வேலை தேடுபவர் இதே நாட்டில் முன்பே வேலை செய்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, பாகுபாடாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை வெளியிட்டது. அதற்காகக் குரல் கொடுத்தோர் வரிசையில் நம் செயல் இயக்குநரும் முன்னால் நின்றார், பதாகையும் பிடித்தார். 2026 தொடக்கத்திலிருந்து வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவம் கேட்பதை மாகாணச் சட்டமே தடை செய்கிறது. இருந்தும் அவர் தயாரித்த விளம்பர வரைவின் நான்காம் வரியில், இந்த மாநகரில் இத்துறையில் ஐந்தாண்டு அனுபவம் கட்டாயம் என்று எழுதியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆளான வழக்கறிஞர், அச்சட்டம் 25 ஊழியருக்குக் குறையாத நிறுவனங்களையே கட்டுப்படுத்தும் என்றும், நிறுவனத்தில் இப்போது 24 பேரே இருப்பதால் கவலையில்லை என்றும் விளக்கினார். வரைவு ஒருமனதாக நிறைவேறியது. இருபத்தைந்தாவது ஆளை அமர்த்தத்தான் அந்த விளம்பரம் என்பதைக் கணக்காளர் நினைவூட்டியபோது, சபை அடுத்த பொருளான கோப்பிச் செலவுக்குப் போய்விட்டிருந்தது.