வெயிலுக்கு முதுகு காட்டுங்கள்

கேள்வி: உச்சி வெயிலில் போர்ட்ரெய்ட் எடுத்தால் எல்லார் கண்ணுக்குக் கீழும் கருநிழல் விழுகிறதே! மடக்கு ரிஃப்ளெக்டர் வாங்கினால் தீருமா?

பதில்: தீரும். உச்சி வேளையில் அதன் உறையைக் கழற்றி, உள்ளிருக்கும் ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் கரைந்துவிடும்.

மாலையில் ஆளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தினால், உறையின் வெள்ளைப் பக்கம் முகத்துக்கு வேண்டிய ஒளியைத் திருப்பித் தரும். வெள்ளிப் பக்கம் கண் கூச வைக்கும். பொன் பக்கம் யாரையும் மஞ்சள் குளித்தவராக்கிவிடும். மார்பு உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். தரையில் வைத்தால் ஒளி மோவாய்க்குக் கீழிருந்து ஏறி, மணப்பெண்கூடப் பேய்ப்பட நாயகியாகிவிடுவார்!

சினிமாவில் இப்படித் திருப்பிய ஒளியின் அருமையை உணர்த்தியவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா. 1956-ல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார் மித்ரா. திறந்த வானத்தின் மென்மையான வெளிச்சம் அப்படியே வந்தது. அபாரமான வேலை!

கையில் காசு குறைவென்றால் ஒரு தெர்மாகோல் அட்டையில் முதலில் பழகுங்கள்.