ஹிஸ்டரி குரூப்பா? ஐயோ பாவம்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் ஒரு வாரத்துக்கு எங்கள் பொன்னேரியில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. “என்ன குரூப்?” என்பதுதான் வணக்கம். மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா கேட்பார். கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார்ந்தால், மீஞ்சூரில் ஏறிக் கவரைப்பேட்டையில் இறங்கப் போகிற முன்பின் தெரியாத மனிதர் கேட்பார். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் முகம் மலரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஒரு தலையாட்டல். காமர்ஸ் என்றால், “பரவால்ல, ஆடிட்டர் ஆயிடலாம்” என்று ஆறுதல். ஹிஸ்டரி குரூப் என்று சொன்னால் மட்டும் குரல் இறங்கிவிடும். “ஏன், பரீட்சை சமயத்துல உடம்பு கிடம்பு சரியில்லையா?”

என் தங்கை மகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்நூறுக்கு நானூற்று ஐம்பதைத் தாண்டி வாங்கிவிட்டு, வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இழவு விழுந்த அமைதி. சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கும் அவள் அப்பா, புத்தி சொல்லத் தாய்மாமனாகிய என்னை அழைத்தார். நானும் அந்தக் காலத்து ஹிஸ்டரி குரூப். படித்து வீணாய்ப் போனதற்கு உயிரோடு இருக்கும் உதாரணம் என்ற முறையில் அழைப்பு. குடிகாரனைக் கூப்பிட்டுக் குடியின் தீமை பற்றிப் பேசச் சொல்வது போலத்தான்.

“மச்சான், நீங்களே சொல்லுங்க. ஹிஸ்டரி படிச்சி இன்னா கிழிச்சீங்க?” என்று மாப்பிள்ளை பேச்சை ஆரம்பித்து வைத்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். தெற்கே எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அதையும் தாண்டினால் மணலி சுத்திகரிப்பு ஆலை. விடியற்காலையில் ஷிஃப்ட் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போவது ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. ஆட்களை. ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் முன்னால் வாருங்கள் என்று எந்தக் கம்பெனி வாசலிலும் யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. பொறியியல் சேர்க்கைக்கான இருநூறு கட்-ஆஃபில் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. தமிழும் ஆங்கிலமும் பாஸ் ஆனால் போதும். அரசாங்கமே அப்படிக் கணக்குப் போடும்போது மாப்பிள்ளை எப்படிப் போடுவார்?

“கணக்கு இல்லாம எவன் முன்னுக்கு வந்தான்?” என்றார். பெண் உள்ளே இருந்தபடியே, “கணக்கு மட்டும் படிச்ச ராமானுஜன், கும்பகோணம் காலேஜ்ல இங்கிலீஷ்ல கோட்டை விட்டுட்டு ஸ்காலர்ஷிப்பே போச்சுப்பா” என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன். அப்புறம் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை என்று கூடுதலாகச் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

இந்தக் குரூப் சாதிக்கு ஒன்றும் பெரிய பழமை கிடையாது. முன்பெல்லாம் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும், கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் பி.யூ.சி. படிப்பார்கள். 1978-ல் பிளஸ் டூ வந்தது. அன்றைக்குப் பிடித்த வரிசை. யாரும் சட்டம் போடாமலே மார்க் அதிகமென்றால் சயின்ஸ், நடுவில் என்றால் காமர்ஸ், மிச்சமிருந்தால் ஹிஸ்டரி என்று ஆகிவிட்டது. எங்கள் வகுப்பறை பள்ளியின் கடைசியில், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது. லேப் கிடையாது, ஆகவே வெள்ளை கோட்டு போட்ட புகைப்படம் எங்களில் யாரிடமும் இல்லை. இங்கிலாந்தில் இதே வயதுப் பிள்ளைகள் சிக்ஸ்த் ஃபார்ம் என்று இரண்டு வருடம் பெரும்பாலும் மூன்றே பாடம் படிக்கிறார்கள். ஆங்கில இலக்கியம், வரலாறு, அரசியல் என்று எடுத்தால், அங்கே உடம்பு சரியில்லையா என்று ரயிலில் யாரும் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். அங்கே ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதே இல்லையாம், அது வேறு.

ஒரு விஷயம் எனக்கு நிஜமாகவே ஆற்றாமை. வரலாறு படிக்க இந்த மாவட்டத்தைப் போல வசதியான இடம் வேறு எங்கே இருக்கிறது? ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் பல்லாவரத்தில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருடம் பூண்டிப் பக்கத்து அதிரம்பாக்கத்தில் கருவிகள் கும்பலாகவே கிடைத்தன. அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பாப்பு குழுவினர் 2011-ல் எழுதினார்கள். “மாப்பிள்ளை, நம்ம மாவட்டத்துல மொதல் டூல் ரூமே அதுதான். சிப்காட்டெல்லாம் நேத்து வந்தது” என்றேன். அவர் ஃபிட்டர் அல்லவா, அந்த ஒரு வார்த்தைக்குக் கொஞ்சம் நிமிர்ந்தார். “மேல் ஃபினிஷிங் எப்படி?” என்று கேட்டார்.

கிழக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பஸ் ஏறி வந்து எங்களோடு படித்த பையன், சாயங்காலம் அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிறவன், பரீட்சையில் ‘டச்சுக்காரர் வருகை’க்குக் கைடைப் பார்த்து நெட்டுரு போட்டான். ஆசிரியரும் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பொருளியலும் அப்படித்தான். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பொதுச் சொத்தை ஊரார் தாங்களே கூடிக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று ஆராய்ந்து சொன்ன எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பையனுக்கு அந்தப் பாடத்தில் முப்பத்தைந்துதான்.

சரி, ஆங்கிலத்துக்கு வருகிறேன். அது எல்லாக் குரூப்புக்கும் பொது. ஆனால் சயின்ஸ் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை மார்ச் மாதம்தான் திறப்பார்கள். 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல் டீ போடுவது எப்படி என்று எழுதிய கட்டுரை இருக்கிறது. மோதிஹாரியில், நம்ம பீகாரில், பிறந்தவர். 1946-ல், இங்கிலாந்தில் டீத்தூளுக்கு ரேஷன் இருந்த காலத்தில், பதினொரு விதி போட்டிருக்கிறார். முதலில் டிகாக்‌ஷன், அப்புறம்தான் பால். சர்க்கரை கூடவே கூடாது. அதைப் போடுவதற்கு மிளகோ உப்போ போடலாமே என்று நக்கல் வேறு. சளி பிடித்தால் எங்கள் வீட்டில் மிளகு தட்டிப் போட்டுத்தான் குடிக்கிறோம், அவருக்குத் தெரிய நியாயமில்லை. பொன்னேரி ஸ்டேஷன் வாசல் டீ மாஸ்டரிடம் இந்த விதிகளைச் சொல்லிப் பார்த்தேன். “சக்கரை இல்லாம, பால் கடைசியா… சுகரா சார் உங்களுக்கு?” என்றார். சர்க்கரை டீயைக் கெடுக்கிறது என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதி முழு மார்க் வாங்கிய என் மருமகள், அன்று சாயங்காலம் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்தாள்.

அதே புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் நாற்காலிக் கதையும் உண்டு, ஆங்கிலத்தில். கரிசல் மண்ணின் தமிழை ஆங்கிலமாக்கிப் பாடமாக வைத்தார்கள். ஆங்கிலம் புரியாத பிள்ளைகளுக்காகக் கைடுக்காரர்கள் அதன் சுருக்கத்தைத் தமிழில் போட்டார்கள். இப்படி ஊரைச் சுற்றி வந்த கி.ரா.வைப் படித்துவிட்டு, “மாமா, இந்த ஃபாரின் ரைட்டர் நல்லா எழுதியிருக்காரு” என்று பக்கத்து வீட்டு பயாலஜி பையன் சொன்னான்.

நான் என்ன கிழித்தேன் என்று மாப்பிள்ளை கேட்டாரே, அதற்கும் பதில் உண்டு. ஒரு கம்பெனியின் ஆபீஸில் கடிதம் எழுதுகிறேன். பெரிய மெஷினைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுகிற இன்ஜினியர்கள், சரக்கு நான்கு நாள் தாமதம், மன்னிக்கவும் என்று வாடிக்கையாளருக்கு எழுத என் மேசைக்கு வருவார்கள். லீவ் லெட்டர்களும் என் வழியாகத்தான் போகும். தொழிற்பேட்டை முழுக்க ஒரே காய்ச்சல், பள்ளியில் மனப்பாடம் செய்த அதே காய்ச்சல். கால் முறிந்தவர்கூடக் காய்ச்சலில் ஆரம்பித்துத்தான் மாவுக்கட்டுக்கு வருவார்.

பெண் பிடிவாதத்தில் ஜெயித்தாள். ஹிஸ்டரி குரூப்பே படித்தாள். இப்போது பொன்னேரியிலேயே, 1965-லிருந்து நடக்கிற உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். துக்கம் விசாரித்த உறவினர்கள் இன்னும் வருகிறார்கள். வருகிற காரணம் மாறிவிட்டது. அவர்கள் வீட்டில் பி.இ. முடித்த பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறார்கள். குரூப் ஃபோருக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். இருநூறு கேள்வியில் நூறு தமிழ், கணக்கும் திறனறிவும் சேர்ந்து இருபத்தைந்து, மிச்சம் எழுபத்தைந்தில் வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் எல்லாம் வரும். தெர்மோடைனமிக்ஸ் தேறிய பையன் ஆறாம் வகுப்பு சமூக அறிவியலிலிருந்து ஆரம்பிக்கிறான். குடவோலை முறை என்றால் என்ன என்று என் மருமகளிடம் கேட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறான். அவளுடைய பழைய புத்தகங்களுக்கு இப்போது தெருவில் வரிசை நிற்கிறது. மாப்பிள்ளைதான் யார் எதை எடுத்துப் போனார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறார்.

ஆகவே சம்பந்தப்பட்ட தம்பிகளுக்கு அவர் சார்பில் ஒரு வேண்டுகோள். அடிக்கோடு போடுவதானால் பென்சிலில் போடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகம் போனது போனதுதான், இன்னும் வரவில்லை. வைத்திருப்பவர் குரூப் ஃபோர் ரிசல்ட் வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடவும். அடுத்த ஆள் குரூப் டூவுக்குக் காத்திருக்கிறார்.