சைக்கிளைச் சுமந்து மலையேறுதல்

மனிதனைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்ட சைக்கிளை மனிதன் சுமந்தே தீர வேண்டிய நிலை, அதை அவன் வெளிநாட்டு மலை ஒன்றில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும்போது முழுமை பெறுகிறது. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலிலிருந்து இலங்கையின் நுவரெலியாவுக்குச் சைக்கிளோடு செல்லத் திட்டமிடும் ஒருவருக்கு, 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு மிதித்து ஏறுவது கடைசிச் சிரமமே. அதற்கு முன் ஒவ்வொரு கவுன்டரிலும் தம்முடைய வாகனம் வாகனமே அல்ல என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ரயில்வேக்கு அது பார்சல், விமான நிறுவனத்துக்கு விளையாட்டுச் சாமான், சுங்கத்துறைக்கு வரி கட்டாமல் உள்ளே வரப் பார்க்கும் அயல்நாட்டுச் சரக்கு.

வீட்டாருக்கு அது வீண் வேலை. சங்கரன்கோவிலின் மொட்டை மாடிகளிலிருந்து மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை காசில்லாமல் தெரிகிறது. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வளைவுகளில் ஏறினால் ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கே போய்விடலாம். ஆகையால், "மலை ஏறணும்னா குத்தாலத்துக்குப் போவேண்டியதுதானல, அதுக்கு எதுக்குக் கடலத் தாண்டணும்?" என்று ஒரு பெரியப்பா கேட்டால் அதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. வரலாறு மட்டும் சற்று இடறும். 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்கள் கடலைத் தாண்டித்தான் அந்த மலையில் ஏறினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்த அவர்களில் பலர் வழியிலேயே மாண்டும் போனார்கள். அவர்களில் எவரும் பொழுதுபோக்குக்காக ஏறவில்லை என்று பெரியப்பா மேலும் சொன்னால், அதற்கு மறுமொழி கிடையாது.

காலம் குறிப்பதில் தகராறு இல்லை. தென்மேற்குப் பருவமழை அந்த மலையின் மேற்குச் சரிவை மே முதல் செப்டம்பர் வரை நனைப்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே உகந்தவை. ஆடித் தபசுத் திருவிழாக் காலத்தில் சங்கரன்கோவில்காரர் எவரும் ஊரைவிட்டு நகர மாட்டார் என்பதால், அந்த மழைக்காலத்தை ஒதுக்குவதில் இழப்பும் இல்லை.

சிரமம் அட்டைப்பெட்டியில் தொடங்குகிறது. புதுச் சைக்கிள்கள் கடைக்கு வந்து சேரும் பெட்டியே விமானத்துக்கும் ஏற்றது என்பது உலகெங்கும் சைக்கிள் பயணிகள் ஏற்றுக்கொண்ட கொள்கை; ஆனால் "அண்ணாச்சி, ஒரு பெட்டி கிடைக்குமா?" என்று கேட்கப்படும் நாளில் அது கடை வாசலில் மழைத் தண்ணீருக்கு மேல் விரிக்கப்பட்டிருக்கும். பெட்டி கிடைத்தபின் பிரித்தல் நடைபெறுகிறது. பெடல்களைக் கழற்ற வேண்டும்; அவற்றுள் இடப்பக்கத்துப் பெடலின் மரை மட்டும் தலைகீழானது, அதாவது மற்றெல்லாத் திருகுகளையும் இறுக்கும் திசையில் திருகினால்தான் இது கழலும் என்பதால், மரை கழன்றவர் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மனிதர் அரைமணி நேரம் தம் முழு பலத்தோடு அதை இறுக்கிக்கொண்டிருக்கும் காட்சி அரியதன்று. பின் சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவியைத் தாங்குவது ஒரு சிறு அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் சட்டகம் தப்பித்துத் தான் மட்டும் வளைய வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட தியாகி அது. அதற்கு மாற்றுத் துண்டு ஒன்று இல்லாமல் கிளம்புவது நுவரெலியாவைப் பேருந்தில் பார்ப்பதற்குச் செய்யும் ஏற்பாடு. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் சக்கரத்தை எடுத்தபின் இரு கட்டைகளுக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருக வேண்டும். மறந்தால் யாராவது பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார்ப்பார், கட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றுவிடும். பிடித்துப் பார்க்காமல் போகும் உறவினர் இன்னும் பிறக்கவில்லை.

விமான நிறுவனங்கள் டயரின் காற்றை இறக்கச் சொல்லும் வழக்கத்தைத் தனியே ஆராய வேண்டும். பயணிகள் விமானத்தின் சரக்கு அறையிலும், மேலே மனிதர்கள் அமரும் அறையில் உள்ள காற்றழுத்தமே ஏறத்தாழ இருக்கிறது. அது மிகக் குறைந்தால் 2,400 மீட்டர் உயரத்து மலையில் நிலவும் அழுத்தத்துக்குச் சமம். அந்த உயரத்தில் டயர் வெடிக்குமானால், இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை மலையின் 2,524 மீட்டர் உச்சி சைக்கிள்களுக்கு மட்டுமன்றி ஜீப்புகளுக்கும் ஆகாத இடமாகிவிடும். இந்த நியாயத்தைக் கவுன்டரில் எடுத்துரைப்பவர் விமானத்தைத் தவறவிடுவார் என்பதால், அறிஞர்கள் காற்றை இறக்கிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். இத்தனைக்கும், 1903இல் விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அந்த முதல் விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியதும் சங்கிலியும் பற்சக்கரமும்தான். தாத்தாவைப் பேரன் வாசலிலேயே நிறுத்தி எடை பார்க்கும் காலம் இது.

எடையும் அளவும் அடுத்த சங்கடம். பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கின்றன. சைக்கிள் பெட்டி 200ஐ எளிதில் தாண்டும் என்பதால், விளையாட்டுச் சாமான் என்ற தகுதியை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

மதுரையிலிருந்து கொழும்புக்கு வான்வழி ஒரு மணி நேரம். சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்குத் தரைவழி ஏறத்தாழ 120 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். ரயிலில் போனால் சைக்கிளை பார்சலாகப் பதிந்து, கார்டு பெட்டியோடு சேர்ந்த பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். அது உடைமையாளர் இறங்கும் நேரத்திலேயே தானும் இறங்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1923இல் மும்பையிலிருந்து கிளம்பி 1928இல் உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பிய பார்சி இளைஞர்களான ஆதி ஹகீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா ஆகியோருக்கு இத்தொல்லை இருக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலிலேயே மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சுங்கத்துறையில் ஒரு முரண்பாடு காத்திருக்கிறது. விலையுயர்ந்த சைக்கிளோடு திரும்பி வரும்போது அதை வெளிநாட்டில் வாங்கியதாகக் கருதி வரி கேட்காதிருக்க, புறப்படும்போதே ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். அதில் சட்டகத்தின் எண்ணைக் குறிக்க வேண்டும், அந்த எண்ணோ பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். விமான நிறுவனம் டேப் சுற்றி மூடச் சொன்ன பெட்டியைச் சுங்க அதிகாரி திறக்கச் சொல்வதும், இருவரும் தத்தம் விதிப்படி சரியாகவே நடப்பதும், கத்தரிக்கோல் கைப்பையில் போகக்கூடாது என்பதால் வீட்டிலேயே தங்கிவிடுவதும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும்.

சங்கரன்கோவிலுக்கே உரிய சிக்கல் ஒன்று இதற்குமேல் உண்டு. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண் பிணி தீர்க்கும் பிரசாதம்; எந்தத் தாயும் அதில் ஒரு பொட்டலத்தைப் பையில் வைக்காமல் பிள்ளையை மலைக்கு அனுப்பமாட்டார். உலக நாடுகள் பெரும்பாலானவை அயல் மண்ணைக் கிருமி வரும் வழியாகக் கருதிக் கட்டுப்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் டயரில் ஒட்டிய சேற்றைக்கூடச் சோதிக்கின்றன. ஆகவே பழைய பல்துலக்கியால் டயரின் பள்ளங்களைச் சுரண்டி மண்ணே இல்லாமல் ஆக்கிவிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டு கிளம்புவது சமயமும் சட்டமும் ஏற்கும் சமரசம்.

கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கிச் சைக்கிளை மீண்டும் பூட்டியபின், கம்பளை, புசல்லாவ, இறம்பொடை என்று தேயிலைச் சரிவுகளின் ஊடே ஏறும் பாதையில் சொல்லத்தக்க சிக்கல் ஏதும் இல்லை. அங்கும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுகின்றன, வழி கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. மிஞ்சுவது காலிப்பெட்டி. திரும்பும்போதும் அது வேண்டும், நுவரெலியாவில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும் அவற்றுள் சைக்கிள் அடங்காது. எனவே விமான நிலையத்தை ஒட்டிய நீர்கொழும்பில் ஒரு விடுதிக்காரரிடம் பேசி அதை விட்டுச் செல்ல வேண்டும். பயணி மலைக் குளிரில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாரமும், பெட்டி கடற்கரை அறை ஒன்றில் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும்.