மார்க் டூ சார்

பறவைப் படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் மார்க் டூ சார். நிஜப் பெயர் வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேடந்தாங்கலுக்குக் கிளம்பும் கார்களில் இந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவராக இருப்பார், இல்லாவிட்டால் ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருப்பார். உடம்பில் எண்ண முடியாத பாக்கெட்டுகள் வைத்த காக்கிச் சட்டை. கழுத்தில் அருமையான கேமரா பாடி. அதில் பாடியோடு சேர்ந்து வந்த சின்ன கிட் லென்ஸ். ஏரி நடுவில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரை அந்த லென்ஸில் ஒரு புள்ளியாகத்தான் விழும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவர்தான் லென்ஸ் வாங்கப்போகிறாரே!

என்ன லென்ஸ் என்பதில் தகராறு கிடையாது. கேனான் 100-400, அந்த வெள்ளைக் குழாய். பழசா, புதுசா என்பதுதான் வழக்கு. பழசு 1998இல் வந்தது. மார்க் டூ என்கிற புதுசு 2014 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்த வழக்கில் வாதியும் சார்தான், பிரதிவாதியும் சார்தான், வாய்தா கொடுக்கிற நீதிபதியும் சார்தான்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது டீக்கடையில் மாட்டுவான். “சார், நான் எதை வாங்கலாம்?”

“பழசை வாங்கிடுப்பா,” என்பார் பட்டென்று. “தள்ளினா நானூறு, இழுத்தா நூறு. பறவை கிளம்புற நேரத்துல வளையத்தைத் திருகிக்கிட்டு நிக்க முடியுமா? ஒரே தள்ளு! வெயிட்டும் கம்மி. 1,380 கிராம். புதுசு 1,570. ட்ரைபாட் காலர் மாட்டினா 1,640.”

பையன் ‘சரி, பழசுதான்’ என்று முடிவுகட்டும்போது சார் டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொள்வார்.

“ஆனா ஒண்ணு. தள்ளி இழுக்கறப்ப உள்ள காத்து போய்வரும். காத்தோட தூசியும் வரும். உலகம் பூரா அதுக்கு ‘தூசி பம்ப்’னுதான் செல்லப் பேரு. கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசரும் அந்தக் காலத்துது, ரெண்டு ஸ்டாப் தாங்கினா அதிகம். புதுசுல நாலு ஸ்டாப். கிட்டத்துல ஒரு வண்ணத்துப்பூச்சி உக்காருதுன்னு வெச்சுக்க. பழசுன்னா 1.8 மீட்டர் தள்ளி நிக்கணும். புதுசு 98 சென்டிமீட்டர்லயே ஃபோகஸ் ஆயிடும்.”

“அப்ப புதுசே வாங்கிடறேன் சார்.”

“அவசரப்படாத. ஸ்டெபிலைசர் உன் கையைத்தான் பிடிக்கும், கொக்கோட கழுத்தைப் பிடிக்காது. கொக்கு ஆடிச்சுன்னா ரெண்டு ஸ்டாப்பும் ஒண்ணுதான், நாலு ஸ்டாப்பும் ஒண்ணுதான். புதுசுக்குக் கொடுக்கற காசுல பழசை செகண்ட்ல வாங்கிட்டு, மிச்சத்துல பரத்பூர் பறவை சரணாலயம் போயிட்டு வந்துடலாம்.”

பையன் பேய்முழி முழிப்பான். அதற்குள் வெயில் ஏறிவிடும். கண்காணிப்புக் கோபுரத்துக்குப் போனவர்கள், வாயில் குச்சியோடு கூட்டில் இறங்கும் கூழைக்கடாவை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். சார் அந்தப் படத்தை கேமராத் திரையிலேயே பெரிதாக்கி, பறவையை விட்டுவிட்டு மூலைகளைப் பார்ப்பார். “பழசுதானே? ஓரம் லேசா இழுக்குது பாருங்க.”

அண்ணா சாலைப் பக்கம் செகண்ட்ஸ் கேமரா விற்கும் கடைகளில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வந்ததும் ஸ்டூலைப் போட்டுவிடுவார்கள். சார் லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தேடுவது ஃபங்கஸ். சென்னையின் கடல் ஈரத்தில், அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸுக்குள் வெள்ளை நூல் நூலாகக் கிளை விட்டுப் படரும் பூஞ்சணம். அது இல்லை என்றதும் லேசாக ஏமாற்றம் தெரியும். அடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். அடுத்து, குழாயை நாலு தடவை தள்ளி இழுப்பார். கடைசியில் பின்பக்க உலோக வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்து, பொடி எழுத்துகளைப் படிப்பார்.

“யூ, டபிள்யூ. யூ-ன்னா உட்சுனோமியா ஃபாக்டரி. டபிள்யூ-ன்னா 2008. பரவாயில்ல, ஆரம்பகாலத்துப் பீஸ் இல்ல.”

“பில் போட்டுடவா சார்?”

“எதுக்கும் ஒரு மார்க் டூவையும் எடுத்துக் காட்டேன்.”

வீட்டில் நடப்பது இன்னும் தீவிரமான பரிசோதனை. நண்பர்களிடம் இரண்டு வெர்ஷனையும் இரவல் வாங்கி வருவார். ஹால் சுவரில் தினசரித்தாளின் ஒரு பக்கத்தை விரித்து டேப் போட்டு ஒட்டுவார். ட்ரைபாட், ரிமோட், எல்லாம் தயார். ட்ரைபாடில் வைத்தால் பழசின் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டும் என்பது வரை மறக்க மாட்டார். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் இருநூறு சதவீதம் பெரிதாக்கி, அருகருகே வைத்து, மூக்கு திரையில் முட்டும்வரை குனிவார். ஒட்டிய பக்கம் இரங்கல் விளம்பரப் பக்கமாக அமைந்துவிடும். “பாரு, புதுசுல ‘கண்ணீர் அஞ்சலி’யோட ‘லி’ சுழி சுத்தமா தெரியுது. பழசுல மங்குது!” என்று குதூகலிப்பார்.

உள்ளிருந்து மனைவி குரல் கொடுப்பார். “ஏங்க, எதிர்வீட்டு முருங்கை மரத்துல செம்போத்து வந்து உக்காந்திருக்கு.”

“இரு, இன்னும் எஃப் எட்டுல எடுக்கலை.”

2018இல் அவருடைய வழக்குக்குப் புதிய சாட்சி கிடைத்தது. அந்த ஆண்டு கேனான் 70-200 லென்ஸுக்கு மார்க் த்ரீ விட்டது. “பார்த்தீங்களா? அடுத்தது நம்ம 100-400தான். இப்ப வாங்கறவன் முட்டாள்,” என்று அடுத்த வாய்தா வாங்கிவிட்டார். அந்த மார்க் த்ரீயில் உள்ளே இருந்த கண்ணாடி அமைப்பு 2010இல் வந்த மார்க் டூவின் அதே அமைப்புதான். கண்ணாடி மேல் பூச்சு மாறியது, வெளியே வெள்ளை நிறம் கொஞ்சம் மாறியது. இதை யாரோ சொன்னபோது சார், “பூச்சுதான் சார் முக்கியம்” என்று வாயை அடைத்துவிட்டார்.

100-400க்கு மார்க் த்ரீ வரவே இல்லை. அதே 2018இல் கேனான் கண்ணாடிப் பெட்டியில்லாத மிரர்லெஸ் கேமராவுக்கென்று ஆர்.எஃப். என்ற புதிய லென்ஸ் மவுண்ட்டையே கொண்டுவந்துவிட்டது. 2020இல் அதற்கு ஆர்.எஃப். 100-500 வந்தது. 2021இல் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள, பைக்குள் அடங்கும் ஆர்.எஃப். 100-400 வந்தது. வேறு யாராவது என்றால் மனம் உடைந்திருப்பார்கள். சார் முகத்தில் தேஜஸ் கூடியது. பழைய லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புதிய கேமராவிலும் வேலை செய்யும் அல்லவா? இரண்டு பேர் வழக்கு இப்போது நாலு பேர் வழக்காகிவிட்டது. “நூறு-ஐநூறு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஐநூறுல எஃப் 7.1. இருட்டு சார், இருட்டு!”

அவரைக் கேலி செய்வது சுலபம். ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் சொன்ன தகவல் எதுவும் தப்பில்லை. அந்தக் குழுவில் லென்ஸ் வைத்திருக்கும் அத்தனை பேரும் அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள்தான். முதல் வாய் டீயில் எழுந்து போனவர்கள் பழசு வாங்கினார்கள். இரண்டாம் வாய்வரை இருந்தவர்கள் புதுசு வாங்கினார்கள். இரு தரப்பும் சந்தோஷமாக மீன்கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. டம்ளர் காலியாகும்வரை உட்கார்ந்திருப்பவர் சார் ஒருவர்தான். வாங்கிவிட்டால் நாளைக்கே படம் எடுத்துக் காட்ட வேண்டும். அது மங்கலாக வந்தால் பழியைத் தூசி மேலும் போட முடியாது, வெர்ஷன் மேலும் போட முடியாது. வாங்காதவரைக்கும் அவர் மனதிலுள்ள கூழைக்கடா நாலு மூலையும் ஷார்ப்பாகவே இருக்கும்.

உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தால் தீர்ப்பு எளிது. பை இளைத்திருந்தால், ஃபங்கஸ் இல்லாத பழசு. காசும் கை நடுக்கமும் சேர்ந்தே இருந்தால், புதுசு. வேடந்தாங்கலில் நவம்பரிலிருந்து மார்ச்வரை சீசன். காலையில் நாலு மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டியது மட்டும் நீங்கள்தான். அந்த வசதி இதுவரை எந்த வெர்ஷனிலும் வரவில்லை.