உயிரியல் பிரிவில் சேர்ந்தோர் கவனத்திற்கு

பயாலஜி குரூப் கிடைத்துவிட்டது என்று வீட்டில் கேசரி கிளறியிருப்பார்கள். பெரியப்பா இப்போதே முழங்கால் வலிக்கு உங்களிடம் மருந்து கேட்க ஆரம்பித்திருப்பார். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம். ஆனால் அடுத்த இரண்டு வருடம் லேபில் நிற்கப்போவது நீங்கள்தான். எப்போது தலையாட்ட வேண்டும், எப்போது பென்சிலை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கீழ்க்கண்ட விதிமுறைகளை ஒழுங்காகப் பின்பற்றினால், உயிருள்ள எதையும் ஏறெடுத்துப் பார்க்காமலேயே உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

1. ஒரு பாடம், இரண்டு ராஜ்ஜியம்

மார்க் ஷீட்டில் உயிரியல் என்று ஒரே பெயர்தான் இருக்கும். உள்ளே போனால் தாவரவியல் மிஸ் ஒருவர், விலங்கியல் சார் ஒருவர். புத்தகம் இரண்டு, ரெக்கார்டு இரண்டு. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணையும் ஆளுக்கு 35 என்று பாகப்பிரிவினை செய்திருப்பார்கள். செடிக்கும் விலங்குக்கும் அடிப்படை செல்தான் என்று 1838, 1839இல் தாவரவியல்காரர் ஷ்லைடனும் விலங்கியல்காரர் ஷ்வானும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சமாதானம் உங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. ஆகவே மிஸ் வகுப்பில் சார் கொடுத்த வீட்டுப்பாடத்தை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

2. பெயர் தெரிந்தால் போதும், ஆளைத் தெரிய வேண்டாம்

லின்னேயஸ் என்ற ஸ்வீடன்காரர் 1753இல் வெளியிட்ட புத்தகத்தால், ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் வழக்கம் நிலைபெற்றது. அன்றிலிருந்து செம்பருத்தி ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் ஆனது. ஊமத்தை டாட்டுரா மெட்டல் ஆனது. மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா ஆனது. முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்து, இரண்டாவதற்குச் சின்ன எழுத்து, கையால் எழுதினால் இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்கோடு. அடிக்கோடு விட்டுப்போனால் மார்க் போகும். செடியையே அடையாளம் தெரியாமல் போனால் ஒன்றும் போகாது.

அடுத்து மலர் வாய்பாடு. சொலானேசி குடும்பத்துக்கு உண்டான கோடு, வட்டம், அடைப்புக்குறி எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதும் அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். அந்தக் குடும்பத்தில்தான் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கின்றன. கொல்லையில் பூத்திருக்கும் ஊதா நிறப் பூ அதே கத்தரியின் பூ என்று அம்மா சொன்னால், "தொந்தரவு பண்ணாதம்மா, சொலானேசி படிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள்.

3. மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிய வேண்டும்

வகுப்பு முழுவதற்கும் மைக்ரோஸ்கோப் மூன்றோ நான்கோ இருக்கும். ஜன்னல் ஓரமாக வைத்து, கீழே இருக்கும் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது சூரியன் நகர்ந்திருக்கும்.

குனிந்தவுடன், கறுப்பு விளிம்போடு, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டமாக ஒன்று தெரிந்தால் "செல்!" என்று கத்தாதீர்கள். அது கவர் ஸ்லிப்புக்குள் மாட்டிய காற்றுக்குமிழி. குறுக்கே கறுப்பாகக் கோடு ஒன்று ஆடினால் அது உங்கள் கண்ணிமை மயிர். எதுவுமே தெரியாமல் ஒரே சிவப்பாக இருந்தால் நீங்கள் வெட்டிய தண்டு அவியலுக்கு நறுக்கிய கனத்தில் இருக்கிறது, சஃப்ரானின் சாயம் மட்டும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பொருள்.

இதில் உச்சக்கட்டம் வெங்காய வேர்நுனி. செல் பிளவுறுவதன் எல்லா நிலைகளையும் அதில் காணலாம் என்று புத்தகம் சொல்லும். செல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிளவுறாமல் இடைநிலையில்தான் கழிக்கிறது என்றும் அதே புத்தகம் சொல்லும். ஆகவே உங்களுக்குத் தெரியப்போவது, வரிசையாக உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாததுபோல் தோற்றமளிக்கும் செல்கள்தான். மிஸ் பின்னால் வந்து நின்று, "மெட்டாஃபேஸ் தெரியுதா?" என்பார். "தெரியுது மிஸ்" என்பது ஒன்றே சரியான விடை. "தெரியலை" என்றவர்கள் மதிய இடைவேளையிலும் வெங்காயம் நசுக்கிக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர்கள் இடத்துக்குப் போய், புத்தகத்தில் இருக்கும் மெட்டாஃபேஸைப் பார்த்து அழகாக வரையலாம்.

4. சோதனையும் முடிவும்

முடிவை முதலில் எழுதிவிடுங்கள். சோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம்.

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நடுவில் குழி தோண்டி, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர் உள்ள பீக்கரில் வைப்பது சவ்வூடு பரவல் சோதனை. கரைசல் மட்டம் உயர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த லேப் வகுப்பு அடுத்த வாரம். அதற்குள் உருளைக்கிழங்கு பாடத்திட்டத்தில் இல்லாத இன்னொரு சோதனையைத் தானாகவே தொடங்கி, மணத்தோடு முன்னேறியிருக்கும்.

ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் கவிழ்த்து வெயிலில் வைத்தால் குமிழி வரும். எண்ணி எழுத வேண்டும். மழைக்காலமாக இருந்தால் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் ஒரு சிட்டிகை போடுங்கள். கார்பன் டை ஆக்சைடு கூடி, குமிழியும் கூடும். அப்படியும் வராவிட்டால் பக்கத்து பெஞ்சில் வந்ததை எழுதுங்கள்.

உமிழ்நீர்ச் சோதனை மட்டும் தவறாமல் பலிக்கும். ஸ்டார்ச்சில் அயோடின் விட்டால் கருநீலம். உமிழ்நீர் கலந்து உடல் வெப்பத்தில் சற்று நேரம் வைத்தபின் விட்டால் அந்த நிறம் வராது. பிரச்சினை அறிவியலில் இல்லை, யாருடைய எச்சில் என்பதில்தான். ஒவ்வொரு வகுப்பிலும் இதற்கென்று ஒரு தியாகி இருப்பான். அவனுக்குப் பிற்காலத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போதுகூட இதைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவீர்கள்.

5. ரெக்கார்டு நோட்டு எனும் பரம்பரைச் சொத்து

ரெக்கார்டு நோட்டை யாரும் எழுதுவதில்லை, பெறுகிறார்கள். போன வருட அக்காவிடமிருந்து நீங்கள். அந்த அக்கா அதற்கு முந்தைய வருட அண்ணனிடமிருந்து. டிஎன்ஏ இரட்டிப்பாவதை நேரில் காண வேண்டுமானால் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு ஹாஸ்டலுக்குப் போங்கள். நகலெடுக்கும்போது திடீர்மாற்றங்களும் நடக்கும். யாரோ ஒரு முன்னோர் தூக்கக்கலக்கத்தில் சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் அம்புக்குறியை மாற்றிப் போட்டிருப்பார். அந்தப் பிழை தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு மையில் "சரி" வாங்கிக்கொண்டே வரும்.

6. ஜாடிகளை அறிதல்

உங்கள் சித்தப்பா காலத்துப் பிள்ளைகள் தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திப் பிளந்தார்கள். இப்போது அறுக்கும் வேலை இல்லை. சார்ட், மாடல், ஃபார்மலின் ஜாடி, அவ்வளவுதான். தவளைகளுக்கு இது நல்ல காலம்.

கரப்பான் பூச்சியைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். அதன் இதயத்துக்கு 13 அறைகள். தவளைக்கு மூன்றுதான், உங்களுக்கு நான்குதான். அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை, ஆகவே நிறமும் இல்லை. இதையெல்லாம் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படம் போட்டு எழுதிவிட்டு வந்த அன்றிரவு, சமையலறையில் அதே பெரிப்ளனேட்டா அமெரிக்கானா பறந்தால் பாட்டியைக் கூப்பிடுங்கள். பாட்டி அறைகளை எண்ணமாட்டார், விளக்குமாற்றை எடுப்பார்.

ஸ்பாட்டர் தேர்வில் ஜாடிகளை வரிசையாக வைத்து, லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் ஊறி எல்லா உயிரும் ஒரே வெளுப்பாகியிருக்கும். ஆகவே மாணவர்கள் ஜாடியைப் படிப்பார்கள்: மூடி உடைந்தது நாடாப்புழு, வாயில் கீறல் விழுந்தது கடற்குதிரை. நல்ல முறைதான். பொதுத்தேர்வுக்கு முதல் நாள் லேப் அட்டெண்டர் அண்ணன் மூடிகளைக் கழுவி மாற்றிப் போடாமல் இருக்க வேண்டும்.

7. அந்தப் பாடம்

பிளஸ் டூவில் இரண்டு புத்தகங்களும் இனப்பெருக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. தாவரவியலில் சிக்கலில்லை. மகரந்தத்தூள் சூலகமுடியில் விழுந்து, குழாய் வளர்ந்து, சூலை அடைவது வரை மிஸ் ஆர்வமாக நடத்துவார். விலங்கியல் சார்தான் அந்த வாரம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார். "இதெல்லாம் ஈஸி, நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லி, வேகமாக அடுத்த பாடத்துக்குத் தாவுவார். முன்பெஞ்சு தலை கவிழ்ந்திருக்கும், கடைசி பெஞ்சு இருமும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வினாத்தாள் எடுப்பவருக்குக் கூச்சம் கிடையாது.

8. மெண்டல் அய்யாவின் பட்டாணி

மெண்டல் 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தோற்றவர். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கும்போது அப்பாவிடம் இதைச் சொல்லலாம். பலன் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதன்பின் மடத்துத் தோட்டத்தில் வருடக்கணக்கில் பட்டாணி வளர்த்து, நெட்டைக்கும் குட்டைக்கும் 3:1 என்ற விகிதத்தைக் கண்டு, 1866இல் வெளியிட்டார். உலகம் அதை 1900 வரை கண்டுகொள்ளவில்லை.

1936இல் ஃபிஷர் என்ற புள்ளியியல் மேதை அந்தக் கணக்குகளைச் சரிபார்த்து, எண்கள் எதிர்பார்த்த விகிதத்தோடு நம்பமுடியாத அளவுக்குப் பொருந்துகின்றன என்றார். வந்த வம்பு இன்றுவரை முழுதாக ஓயவில்லை. ஹைட்ரில்லா குமிழியை எண்ணும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: பொருத்தமாக எழுதுங்கள், ரொம்பப் பொருத்தமாக எழுதாதீர்கள்.

9. இரண்டு தவளைகளும் ஒரு நீட்டும்

நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல். ஆகவே காலையில் பள்ளிக்கு மாநிலப் புத்தகம், மாலையில் கோச்சிங்குக்கு என்சிஇஆர்டி புத்தகம். மாநிலப் புத்தகத்தின் தவளை ரானா ஹெக்சாடாக்டைலா. என்சிஇஆர்டியின் தவளை ரானா டைக்ரினா. பஸ்ஸில் போகும்போதே தவளையை மாற்றிக்கொள்ளப் பழகுங்கள். வகைப்பாட்டாளர்கள் இரண்டையுமே ரானா பேரினத்திலிருந்து எடுத்து வேறு வேறு பேரினங்களில் சேர்த்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். விடைக்குறிப்பில் இல்லாத உண்மைக்கு மதிப்பெண் இல்லை.

10. தவறிப்போய் எதையாவது பார்த்துவிட்டால்

எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தும், ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் புத்தகத்தில் இல்லாத ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிடலாம். பதற வேண்டாம். மனித செல்லில் 48 குரோமோசோம்கள் என்று 1920களில் ஒருவர் எண்ணிச் சொன்னார். அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் குனிந்து பார்த்தவர்களும் 48 என்றே எழுதினார்கள். "தெரியுது மிஸ்" என்று சொன்னது நீங்கள் மட்டுமல்ல. 1956இல்தான், ஸ்வீடனில் வேலை செய்த டியோவும் லெவானும் 46 என்று அறிவித்தார்கள். செல்லைத் தண்ணீரில் உப்ப வைத்துக் குரோமோசோம்களைப் பிரித்துக்காட்டும் நல்ல முறை கையில் இருந்தது; தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதும் துணிச்சலும் இருந்தது.

ஆகவே கடைசி ஆலோசனை: கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டில் புத்தகத்தில் இருப்பதை வரையுங்கள்; அது மார்க்குக்கு. இதில் உங்களுக்குத் தெரிந்ததை வரையுங்கள், காற்றுக்குமிழியாகவே இருந்தாலும். இதற்குப் பிரவுன் அட்டை போட வேண்டாம், யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். அடுத்த வருடம் ஜூனியர் வந்து காப்பியடிக்கக் கேட்டால் ரெக்கார்டைக் கொடுங்கள். இதை மட்டும் கொடுக்காதீர்கள். அவனையும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.